காலம்மாவும் பேசாத மூத்தவளும்

மனிதர்களுக்குக் கழுத்துக்கு மேலே தலை என்று ஒன்று இருக்கும் விஷயமே காலம்மாவுக்குத் தெரியாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய உலகத்தில் மனிதர்கள் கணுக்காலோடு முடிந்துவிடுவார்கள். அதற்கு மேலே இருப்பதெல்லாம் பாவம், அந்தக் கால்கள் சுமந்து திரிகிற மூட்டை.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே சரிவில் இருந்த ஒரு பழைய கல் பங்களா, வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியாக மாறியிருந்தது. அதன் வார்டன்தான் காலம்மா. கையில் செல்போன் இருந்தாலும், சிக்னலுக்காகக் கொல்லைப்புறத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்க வேண்டிய காலம் அது. உண்மையான பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. காலைப் பார்க்கிற அம்மா, அதனால் காலம்மா. புதிதாகச் சேருகிற பெண்கள் காலனுக்கு ஏதோ சொந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவரை ஒருமுறை மூடுபனியில் பார்த்துவிட்டால் அந்த நினைப்பு உறுதியாகிவிடும். நாங்களும் திருத்தமாட்டோம்.

ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனிஸ்ட் வேலை கிடைத்து, திண்டுக்கல்லிலிருந்து அப்பாவோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். அப்பா வணக்கம் சொன்னார். காலம்மா அப்பாவின் செருப்பைப் பார்த்து வணக்கம் சொன்னார். பிறகு என் காலைப் பார்த்தார். மறுபடியும் அப்பாவின் காலைப் பார்த்தார்.

"பெத்தவருங்களா? ரெண்டு பேருக்கும் ரெண்டாவது வெரலு கட்டவெரல விட நீளம். உங்க பிள்ளதான், சந்தேகமே இல்லைங்க" என்றார்.

வாழ்நாளில் கேட்டே இராத கேள்விக்குப் பதில் கிடைத்த மனிதராக அப்பா விழித்தார்.

விடுதிக்குள் யாருக்கும் பெயர் கிடையாது. என் குதிகாலில் வெடிப்பு இருந்ததால் நான் 'வெடிப்பு'. என் அறையில் இன்னும் இரண்டு பேர். ராசாத்தி மேல்மலைப் பூண்டிக்காரி. பூண்டுத் தோட்டத்தில் வளர்ந்து, டவுனில் உரக்கடையில் வேலை பார்த்தாள். உள்ளங்காலில் ஆணி இருந்ததால் அவள் 'ஆணி'. ஸ்டெல்லாவின் குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். சாக்லேட் கடையில் நாள் முழுக்க ஈரத்தில் நின்று பாத்திரம் கழுவியதால் அவள் 'சேத்துப்புண்ணு'. வாசலில் ஆள் வந்து ஸ்டெல்லா இருக்கிறாளா என்று கேட்டால், காலம்மா உள்ளே திரும்பி, "ஏலே சேத்துப்புண்ணு, ஒன்னத் தேடி வந்திருக்காக" என்று கூப்பிடுவார். அவளைப் பெண் கேட்டு வந்த ஒரு குடும்பம் இப்படித்தான் திரும்பிப் போனது என்று ஒரு பேச்சு உண்டு. ஸ்டெல்லா அதை மறுத்ததில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வாசலில் தகர பேசின் நிறைய வெந்நீர் காத்திருக்கும். கால் கழுவாமல் உள்ளே போக முடியாது. காலம்மா முதலில் தன் முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். கையை விடாமல் எதற்கு முழங்கை என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"கையி பொய் சொல்லும்லே" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் வெந்நீருக்குள் இருந்த எனக்குக் குளிரெடுத்தது.

கழுவினால் போதாது. விரலிடுக்கில் பழைய வேட்டித் துணியால் ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும். குதிகாலுக்கு எண்ணெய் உண்டு, விரலிடுக்குக்குக் கிடையாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும். ஓரத்தை வளைத்து உள்ளே வெட்டினால் அன்றைக்குப் பாயசம் இல்லை. வெறுங்காலோடு யாரும் நடக்கக் கூடாது: வெளியே செருப்பு, உள்ளே கம்பளிக் காலுறை. காலையில் செருப்பையோ ஷூவையோ கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும். இதெல்லாம் கிறுக்குத்தனம் என்று ஸ்டெல்லா ஒருநாள் தட்டாமல் காலை நுழைக்கப் போனபோது, ஷூவுக்குள்ளிருந்து ஒரு பூரான், சொந்த வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்புகிறவன் போல நிதானமாக வெளியே வந்தது. அதற்குப் பிறகு அவள் தட்டிய தட்டில் ஷூக்களே சீக்கிரம் பிய்ந்தன.

காலுறை போட்டு நடப்பதால் காலம்மா வருகிற சத்தம் கேட்காது. பேசிக்கொண்டிருக்கும்போது முதுகில் சில்லென்று இருக்கும். திரும்பினால் அவர் நின்றுகொண்டிருப்பார், தலையைக் குனிந்தபடி, எங்கள் பாதங்களைப் பார்த்துக்கொண்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது.

குளிர் தாங்காமல் ஸ்டெல்லா ஒரு வெந்நீர்ப் பை வாங்கிவந்து காலடியில் வைத்துப் படுத்தாள். காலம்மா அதைப் பிடுங்கிக்கொண்டார். வழக்கமாகத் திட்டும் குரல் இல்லை, ரொம்பத் தாழ்ந்த குரல். "சுட்டா ஒனக்குத் தெரியும்னு நெனைக்கிறியா? தெரியாமயே வெந்துபோகும்லே. வெள்ளனே எந்திரிச்சுப் பாத்தா தோலு தனியாக் கெடக்கும்." ஸ்டெல்லா அதற்குப் பிறகு வெந்நீர்ப் பையை மட்டுமல்ல, வெந்நீரையே கொஞ்ச நாள் சந்தேகித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மூடுபனி ஏரியிலிருந்து ஏறி வந்து வராந்தாவை விழுங்கிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் முகம் தெரியாது. காலம்மா நாற்காலியில் உட்கார்ந்து, பாதையில் ஏறி வருகிறவர்களைச் சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டிருப்பார். ஆணி வர்றா, இடது காலை ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறா. அடுத்து விறகுக்காரரு, புதுச் செருப்பு, கடிக்குது. அவர் சொல்லி முடித்த சற்று நேரத்தில் வெள்ளைக்குள்ளிருந்து ராசாத்தி வருவாள். பின்னாலேயே விறகுக்காரர் நொண்டிக்கொண்டு வருவார்.

ஒரு ஞாயிறு அவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். "யாரோ ஏறி வர்றாக. ஆனா ஒத்தக் காலு சத்தந்தான் கேக்குது."

எங்களுக்கும் கேட்டது. டக். பிறகு ஒன்றுமில்லை. டக். பிறகு ஒன்றுமில்லை. ஸ்டெல்லா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. சத்தம் படிக்கட்டு வரை வந்து நின்றது. பனிக்குள்ளிருந்து பால்காரரின் குரல் கேட்டது: மத்தியானப் பால் எவ்வளவு வேண்டும் என்று. பாதையின் நடுவே சேறு. மனிதர் ஒரு காலைக் கல் விளிம்பிலும் இன்னொரு காலைப் புல்லிலும் வைத்து ஏறி வந்திருக்கிறார். நாங்கள் சிரித்துத் தீர்த்தோம். காலம்மா சிரிக்கவில்லை. ஒத்தக் கால் சத்தம் என்பது அவருக்கு ஏன் சிரிப்புக்கான விஷயமில்லை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

என் ஹோட்டலில் கூர்மூக்கு வைத்த குதியுயர்ந்த ஷூதான் போட வேண்டும் என்று விதி. நாள் முழுவதும் நின்று என் சுண்டுவிரல் கொப்புளம் கட்டி உடைந்தது. காலம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ஹோட்டல் ரிசப்ஷனில் நான் ஒரு தேனிலவுத் தம்பதிக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தபோது முதுகில் சில்லென்றது. நிமிர்ந்து பார்த்தால் சால்வை போர்த்திக்கொண்டு காலம்மா. கவுன்ட்டரைச் சுற்றிவந்து, அங்கே நின்ற எல்லாப் பெண்களின் கால்களையும் பார்த்தார். தம்பதியின் கால்களையும் விடவில்லை. தம்பதி போட்ட சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். காலம்மா அவருடைய பளபளப்பான ஷூவை வெகுநேரம் பார்த்தார்.

"உங்க எடது சுண்டுவெரலு உள்ள அழுதுக்கிட்டுக் கெடக்குங்க" என்றார்.

மேனேஜர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வரும்போது செருப்பில் வந்தார். அந்த வாரமே எங்களுக்குத் தட்டையான ஷூ போட அனுமதி கிடைத்தது. தேனிலவுத் தம்பதி மட்டும் அன்றைக்கே ரூமைக் காலி செய்துவிட்டு ஊட்டிக்குப் போய்விட்டார்கள்.

இப்படிச் சிரித்துக்கொண்டு போன விஷயம் வேறு மாதிரி ஆனது ஸ்டெல்லாவால்தான். ஒருநாள் காலையில் காலம்மாவின் அறையைத் தாண்டிப் போனவள் வெளுத்துப்போய்த் திரும்பி வந்தாள். "உள்ள யாரோடயோ கதைக்கிறாங்க. ரெண்டு பேரோட" என்றாள்.

காலம்மாவின் அறையில் அவரைத் தவிர யாரும் கிடையாது. மறுநாள் மூன்று பேரும் கதவருகே நின்றோம். உள்ளே அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"எளையவ நல்லாத்தான் இருக்கா. மூத்தவளே, நீ ஏன்டி வாயே தொறக்க மாட்டேங்கிற? நீ பேசி எம்புட்டு நாளாச்சு."

கதவிடுக்கு வழியாக ராசாத்தி பார்த்தாள். காலம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, வானத்தைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தது. அதற்குள் குனிந்து பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை. மிச்சத்தை நாங்களே கட்டிவிட்டோம். காலம்மாவுக்கு இரண்டு சகோதரிகள், இருவரும் இறந்துவிட்டார்கள், கண்ணாடியில் வருகிறார்கள். காலம்மாவுக்குச் சொந்த ஊர் அடிவாரத்தில் பாலசமுத்திரம். பூண்டியிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காரட் ஏற்றிப் போகும் லாரி டிரைவர் ஒருவரை ராசாத்திக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகும்போது விசாரிக்கச் சொன்னாள். அவர் விசாரித்தாரோ இல்லையோ, ஆமாம் தங்கச்சி, மூத்தவள் கிணற்றில், இளையவள் பாம்பு கடித்து என்று வரும்போதெல்லாம் விவரமாகச் சொன்னார். போன தடவை இளையவள் கிணற்றில் என்றல்லவா சொன்னீர்கள் என்று ராசாத்தி கேட்டபோது, ரெண்டு பேரும் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் என்று சமாளித்தார்.

ஸ்டெல்லா கழுத்தில் ஜெபமாலையும் கையில் பழனி முருகன் விபூதிப் பொட்டலமும் வைத்துக்கொண்டு திரிந்தாள். பேய் எந்த மதம் என்று தெரியாதே என்றாள். அதைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறொன்று. இளையவள் நன்றாக இருக்கிறாள் என்பது சரி. பேசாத மூத்தவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள்?

தை மாதம். புல்லெல்லாம் உறைபனியில் உப்புத் தூவியது போல இருந்த ஒரு காலை. பல் தேய்க்கப் போன ராசாத்தி நடைவழியில் நின்றவள் நின்றபடியே இருந்தாள். நானும் போய்ப் பார்த்தேன்.

சாம்பல் நிற சிமென்ட் தரையில் கருஞ்சிவப்பாகக் காலடிகள். சமையலறைப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, எங்கள் வாசலுக்கும் வந்து, திரும்பிப் போயிருந்தன. எல்லாமே இடது கால். வலது கால் ஒன்றுகூட இல்லை. ராசாத்தி குனிந்து பார்த்துவிட்டு, அதற்கு விரல்களே இல்லை என்றாள்.

தொட்டுப் பார்த்தது யார் என்று நினைவில்லை. ஈரமாக இருந்தது. ரத்தம்.

விடுதி முழுவதும் எழுந்துவிட்டது. சத்தம் கேட்டு எப்போதும்போல் ஓசையில்லாமல் காலம்மா வந்தார். தடித்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, முடிந்த அளவு குனிந்தார். பேயை எதிர்பார்த்து நின்ற எங்களிடம் அவர் சொன்னது பேயைவிட மோசமாக இருந்தது.

"காலுறை போட்ட காலு. அதான் வெரலு விழல. நல்லா அழுத்தி ஊனி நடந்திருக்கா. வலிச்சா இப்படி ஊன மாட்டா." நிமிர்ந்து எங்கள் கால்களைப் பார்த்தார். "நம்மள்ல ஒருத்திக்குக் காலு கிழிஞ்சு கெடக்கு. அவளுக்கு அது தெரியல."

யாரும் வேலைக்குப் போகக் கூடாது, எல்லாரும் சாப்பாட்டு அறை பெஞ்சில் உட்காருங்கள், காலுறையைக் கழற்றுங்கள் என்றார். வரிசையாக உட்கார்ந்தோம். அந்தக் குளிரில் எல்லாப் பாதங்களும் நீலம் பாரித்திருந்தன. காலம்மா ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அதிகம் குனிய முடியாததால் எங்கள் கால்களை ஸ்டூலில் தூக்கி வைக்கச் சொல்லி, மூக்கு படும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு புதுப்பெண் அழவே தொடங்கிவிட்டாள். தன் கால் கிழிந்திருந்து தனக்கே தெரியாமல் இருக்குமோ என்று நாங்கள் எல்லாரும் எங்கள் சொந்தக் கால்களையே அந்நியரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு காலும் சுத்தமாக இருக்க இருக்க, காலம்மாவின் குரலில் பதற்றம் ஏறியது. "வெரசா காட்டுங்கலே. நேரம் போகுது. விட்டா விஷமாயிரும்" என்றார்.

நான் வரிசையின் கடைசியில் இருந்தேன். அவர் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். தற்செயலாகத் தரையைப் பார்த்தேன்.

பெஞ்சுக்கு முன்னால், சற்று முன்புவரை சுத்தமாக இருந்த தரையில், காலடிகள் விழுந்திருந்தன. முதல் பெண்ணின் முன்னால் ஒன்று. அடுத்தவளின் முன்னால் ஒன்று. ராசாத்தியின் முன்னால் ஒன்று. ஸ்டெல்லாவின் முன்னால் ஒன்று. வரிசையாக, அவர் நின்ற இடத்தில் எல்லாம். கறுப்புக் கம்பளிக் காலுறை ரத்தத்தை வெளியே காட்டவில்லை, தரையில்தான் காட்டியது.

"அம்மா, நீங்க ஒக்காருங்க" என்றேன்.

"எனக்கென்ன? ஒங்காலக் காட்டு."

"அம்மா. பின்னாடி பாருங்க."

திரும்பிப் பார்த்தார். அந்த வரிசையைக் கண்ணால் தொடர்ந்து கடைசியில் தன் இடது காலுக்கு வந்து சேர்ந்தார். பெஞ்சில் என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். அவர் கால் ஒன்றை இன்னொருவர் பார்ப்பது அநேகமாக அதுதான் முதல் தடவை. ராசாத்தி கீழே உட்கார்ந்து காலுறையை உருவினாள். முன்பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு கண்ணாடிச் சில்லு புதைந்திருந்தது. அதைச் சுற்றி அவள் அழுத்திப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டோம். காலம்மா சும்மா பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல.

பிறகு, மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்: "மூத்தவ ரொம்ப நாளாப் பேசறதில்ல."

ஸ்டெல்லா விம்மிவிட்டாள். ஜெபமாலையும் விபூதியும் வைத்துக்கொண்டு நாங்கள் பயந்து திரிந்த மூத்தவள், இதோ ராசாத்தியின் மடியில் கிடந்தாள்.

டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சர்க்கரை வியாதி வந்து வருடக்கணக்காகிறது. முதலில் எறும்பு ஊர்வது போல இருந்ததாம். அப்புறம் பஞ்சின் மேல் நடப்பது போல. அப்புறம் இடது கால் இருப்பதே தெரியவில்லை. முழங்கால் மடங்காததால் உள்ளங்காலைப் பார்க்கத்தான் கண்ணாடி. முந்தின நாள் சமையலறையை ஒட்டிய தன் அறையில் அது கைதவறி உடைந்துவிட்டது. பெருக்கி எடுத்தும் ஒரு சில்லு தப்பியிருக்கிறது. வெள்ளனே வழக்கம்போல எங்கள் வாசல்களில் யாராவது செருப்பைத் தாறுமாறாக விட்டிருக்கிறோமா என்று பார்த்து வந்திருக்கிறார். அன்றைக்கு மட்டும் தன் காலைப் பார்க்கக் கண்ணாடி இல்லை.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று ராசாத்தி கோபமாகக் கேட்டாள். நடக்க முடியாத வார்டனை வைத்துக்கொள்வார்களா, எனக்குப் போக்கிடம் ஏது என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கூடப் பிறந்தவர்கள் யாருமே கிடையாது என்பதையும் அப்போதுதான் சொன்னார். அந்த லாரி டிரைவரை ராசாத்தி என்ன செய்தாள் என்பது தனிக்கதை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சில்லை எடுத்தார். பிறகு காலம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு நரம்பு போன்ற கம்பியால் பாதத்தில் இங்குமங்கும் தொட்டார், தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று. காலம்மா காத்திருந்தார். டாக்டர் தொட்டுக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து காலம்மா கண்ணை மூடியபடியே, "எப்பங்க ஆரம்பிப்பீக?" என்று கேட்டார்.

டாக்டரம்மா கம்பியைக் கீழே வைத்தார்.

கண்ணாடிக் காயம் சின்னது என்றார் டாக்டர். அதைவிடப் பெரிதாக, சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு பழைய புண் இருந்தது. மங்கலான கண்ணுக்குக் கண்ணாடியில் அது தென்படவே இல்லை. சில்லு குத்தி ரத்தம் வந்திருக்காவிட்டால் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும். மதுரைக்கு அனுப்பினார்கள். விரல் ஒன்று போனது, பாதம் தப்பியது. பார்க்கப் போன எங்களிடம், நகம் வெட்டுற சோலி ஒண்ணு கொறஞ்சுது என்றார் காலம்மா. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஸ்டெல்லா இரண்டையும் செய்தாள்.

விடுதி நிர்வாகத்தார் வேறு வார்டன் பார்க்கலாமா என்று பேச வந்தபோது நாங்கள் எல்லாரும் வராந்தாவுக்கு வந்து நின்றோம். படி ஏறும் வேலை, கடைக்குப் போகும் வேலை எல்லாம் எங்களுடையது, காலம்மா உட்கார்ந்து அதிகாரம் செய்தால் போதும் என்று ராசாத்தி எடுத்துச் சொன்னாள். வந்தவர்கள் யோசித்தார்கள். காலம்மா அதற்குள் அவர்களில் பெரியவரின் செருப்பைப் பார்த்து, வார் தளர்ந்திருக்கிறது, சரிவில் இறங்கும்போது விழுவீர்கள் என்று எச்சரித்தார். அவர் போகிற போக்கில் படியில் தடுக்கினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

தினமும் வெள்ளனே, முறை வைத்து, எங்களில் ஒருத்தி காலம்மாவின் பாதங்களைப் பார்க்க ஆரம்பித்தோம். ரொம்ப மோசமான நோயாளி அவர். விளக்கைச் சாய்த்துப் பிடி, இடுக்கில் பார்த்தாயா, அவசரப்படாதே என்று நச்சரித்துவிடுவார்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம், திண்டுக்கல்லில். தடியூன்றிக்கொண்டு, ராசாத்தியும் ஸ்டெல்லாவும் இருபுறமும் வர, காலம்மா மலையிறங்கி வந்தார். அம்மி மிதிக்கும் நேரம். மாப்பிள்ளை என் காலை எடுத்து அம்மியில் வைத்து மெட்டி போட்டார். நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. என் முதுகு சில்லென்றது.

மேடை ஏறி வந்து நின்ற காலம்மா, மாப்பிள்ளையிடம் மரியாதையாகச் சொன்னார்: "தம்பி, மெட்டி இறுக்குதுங்க. வெரலு வெளுத்துப் போச்சு. கழட்டி, கொஞ்சம் நெளிச்சு விட்டுப் போடுங்க."

நாதஸ்வரம் நின்றது. ஐயர் நிமிர்ந்து பார்த்தார். முகூர்த்த நேரத்தில் மெட்டியைக் கழற்றச் சொல்கிற இந்த அம்மா யார் என்று மாப்பிள்ளை வீட்டார் சற்றுச் சத்தமாகவே கேட்டார்கள்.

நான் வாய் திறப்பதற்குள் அப்பா எழுந்து வந்து, மாப்பிள்ளையின் தோளைத் தொட்டுச் சொன்னார்: "கழட்டிருங்க மாப்ள. அவங்களும் பொண்ணு வீடுதான்."